காரணம் என்ற கட்டம்

விடியற்காலை மூன்று ஐம்பது.
ராமநாதபுரம் பணிமனையில் நாற்பத்தொரு வண்டிகள்
டீசல் குடித்துவிட்டு நிற்கின்றன.
என் தாளில் முப்பத்து மூன்று பெயர்கள்.
மிச்சம் எட்டு.
லைசென்ஸுக்கு எட்டுப் போட்டவர்களெல்லாம்
கத்தாரில் ட்ரெயிலர் ஓட்டுகிறார்கள்.

நம்புராஜுக்கு அடிக்கிறேன்.
"டபுள் டூட்டி பாத்துட்டு பன்னெண்டரைக்குத்தான் சார் எறங்குனேன்.
இடுப்பு எங்க இருக்குன்னே தெரியல."
பின்னால் ஒரு குழந்தை இருமுகிறது.
வைத்துவிடுகிறேன்.
நாகூர்கனிக்கு அடிக்கிறேன்.
மணி போய்க்கொண்டே இருக்கிறது.
எடுக்காத அவனை மனதுக்குள் மெச்சிக்கொள்கிறேன்.

ஆக, வாலிநோக்கம் முதல் நடை ரத்து.
கீழக்கரை, ஏர்வாடி விலக்கு,
அப்புறம் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்,
அப்புறம் உப்பளம்,
அப்புறம் மீன் கூடையோடு நிற்கும் பதினாறு பெண்கள்.

ரத்துப் பதிவேட்டில்
காரணத்துக்கென்று அச்சடித்த கட்டங்கள் நாலு:
இயந்திரக் கோளாறு, டயர், விபத்து, சாலை மறியல்.
ஆள் இல்லை என்பதற்குக் கட்டம் இல்லை.
கட்டம் போட்டவருக்கு
அப்படியொரு காலம் தோன்றியிருக்காது.

எழுதுகிறேன்: 317, பிரேக் பிடிக்கவில்லை.
போன வாரம்தான் லைனிங் மாற்றினோம்.
பூனை கால் வைத்தாலும் நிற்கிற வண்டி அது.
இந்த மாதம் மட்டும் அதற்கு நான் கொடுத்த வியாதிகள்:
கிளட்ச், ரேடியேட்டர், இரண்டு முறை ஸ்டீயரிங்.
மெக்கானிக் சகாயம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு
ஒரே வார்த்தை கேட்டார்:
"எம்மேல என்ன சார் கோவம்?"

ஆளெடுப்பு நடந்தது. நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.
ஓட்டுநர் உடன் நடத்துநர்,
ஒரு சம்பளத்தில் இரண்டு பேர்.
திருப்புல்லாணிப் பக்கமிருந்து பூமிநாதன் வந்தான்.
எட்டு வருஷமாகத் தண்ணி லாரி.
தெரு முழுக்கக் குடம் வரிசை நிற்க
ஒன்றும் நசுங்காமல் ரிவர்ஸ் எடுக்கிறவன்.
சுவரோடு நிறுத்தி அளந்தார்கள்.
ஒன்றரை சென்டிமீட்டர் குறைச்சல்.
குதிகாலைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினேன்,
பாவி, நேராகவே நின்றான்.
இப்போதும் லாரிதான்.
அதன் பெடல் அவனுக்கு எட்டுகிறது.
நமக்குத்தான் அவன் எட்டவில்லை.

ஐந்தே முக்காலுக்கு போன்:
"வண்டி வருமா சார்?"
"பிரேக் கோளாறும்மா. பாத்துக்கிட்டிருக்காங்க."

ஒன்பது மணிக்கு முத்துராக்கு
பணிமனை வாசலில் நின்றாள்.
இடுப்பில் அலுமினியச் சட்டி,
அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
கேட்டுக்கு அந்தப் பக்கம் 317.
எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.
"இதுக்கா பிரேக் இல்ல?"

நான் பேனா மூடியைத் திருகினேன்.

"ஆளு இல்லன்னு சொல்லியிருந்தா
அஞ்சே முக்காலுக்கே ஆட்டோ பிடிச்சிருப்பேன்.
சரியாயிரும் சரியாயிரும்னு ஒன்றரை மணி நேரம் நின்னேன்.
ஐஸு போச்சு. சூடையை யாரும் தொடல.
ஓசி பஸ்ஸுன்னு ஏளனமா நெனச்சீகளோ என்னமோ.
உங்க பொய்க்கு அறுபது ரூபா குடுத்துட்டு வாரேன்."

அறுபதை எடுத்து நீட்டினேன்.
வாங்கியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் மூன்று ஐம்பது.
பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று
காவலாளி 317ஐ ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைத்தார்.
நாலு கட்டத்துக்கும் வெளியே,
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
ஆள் இல்லை.
அதற்கடுத்த நாளும்.
அதற்கடுத்த நாளும்.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது,
அலுவலகப் பதிவேட்டைச் சிதைத்ததற்கு
விளக்கம் கேட்டு.
விளக்கத்துக்கென்று கீழே
அரைப் பக்கம் விட்டிருக்கிறார்கள்.
எட்டுப் பெயர் எழுதுகிற அளவு இடம்.